மறைக்கப்படும் வருமானமும் மறுக்க முடியாத கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

நமது கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கின்றது. இந்நன்னாளில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் பட்டம் பெற்றோர் பெருகியதைப் பற்றியும் எடுத்துரைக்கப் பலர் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. கணவரைப் பிரிந்து வாழும் ஒரு தாய், தன் குழந்தைக்குரிய பராமரிப்புத் தொகையைக் கேட்டு நீதிமன்றப் படியேறுகின்றார். "எனக்கு வருமானமே இல்லை" என்று தந்தை கையை விரிக்கின்றார். அவர் ஈட்டும் பணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்நிலையில் அக்குழந்தையின் உரிமை என்னவாகும்? இதுவே நமது பொருள்.

கல்விக் கழக மேடையில் குடும்ப வழக்கைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைக் காக்கின்றது. பாடநூலும் சீருடையும் மதிய உணவும் அரசுப் பள்ளியில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் மதிய உணவு, பள்ளி நடைபெறும் நாளில் ஒரு வேளைக்கே உண்டு. இரவு உணவுக்கும், வீட்டு வாடகைக்கும், காய்ச்சல் கண்டால் மருந்துக்கும் பணம் வேண்டும். தாய் ஒருத்தியின் கூலி இவற்றுக்கெல்லாம் எட்டாதபோது, ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பிள்ளையின் வருகை முதலில் குறைகின்றது, பின்னர் நின்றுவிடுகின்றது. இராஜபாளையத்துப் பஞ்சாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளும், தளவாய்புரத்துத் தையற்கூடங்களும் கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. படிப்பு நின்ற பிள்ளை எங்கே செல்லும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆதலின் தந்தையிடமிருந்து வர வேண்டிய பராமரிப்புத் தொகை என்பது கல்விக்குரிய பணமே ஆகும்.

நம் பகுதியில் உழைப்பவர்களுள் மிகப் பலருக்குச் சம்பளச் சீட்டு என்பதே கிடையாது. கொத்தனார் வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் ரொக்கமாகக் கூலி பெறுகின்றார். சுமை தூக்குவோர் அன்றன்றைய பங்கைப் பிரித்துக்கொள்கின்றனர். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர், தென்னை ஏறுபவர், ஆட்டோ ஓட்டுபவர், தறிக்கு நூல் வாங்கி விற்பவர் ஆகியோர் எவரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதில்லை. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதது குற்றமன்று. எழுத்தில் இல்லாத காரணத்தால் இருப்பதையே இல்லை என்று சாதிப்பதுதான் குற்றம். மேலே தொழிலதிபர் இரண்டு கணக்கு எழுதி வருமானத்தை மறைக்கின்றார். கீழே ஒருவர் கணக்கே எழுதாமல் மறைக்கின்றார். இருவர் பிள்ளைகளும் படும் பாடு ஒன்றே.

இது குறித்துச் சட்டம் சொல்வதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவாக இருந்தது, 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 125ஆம் பிரிவாயிற்று. மாதம் 500 ரூபாய்க்கு மேல் வழங்கலாகாது என்று அதில் இருந்த வரம்பு 2001ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2024 சூலை 1 முதல் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' என்னும் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் 144ஆம் பிரிவே இப்போது நமக்குரிய பிரிவு. எண் மாறியிருக்கின்றது, கடமை மாறவில்லை.

இந்தப் பிரிவு இந்துவுக்கும் கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் பொதுவானது. நம் குடும்பங்களில் ஒரு வீட்டில் கோயில் வழிபாடும் அடுத்த வீட்டில் தேவாலய வழிபாடும் இருப்பதால் இதனை அழுத்திச் சொல்கின்றோம். மேலும், முறைப்படி மணந்த பெற்றோர்க்குப் பிறந்த குழந்தையாயினும் அல்லாத குழந்தையாயினும் உரிமை உண்டு என்று சட்டமே வெளிப்படையாகக் கூறுகின்றது. திருமணம் பதிவாகவில்லை, தாலி கட்டியதற்குப் படம் இல்லை என்பனவெல்லாம் குழந்தையின் உரிமையைத் தடுக்கமாட்டா. சாதியைக் காரணம் காட்டி நம் பெண்ணை மனைவி என்று ஏற்க மறுக்கும் வேற்றுச் சாதி ஆடவரும், தமக்குப் பிறந்த குழந்தையைக் காக்கும் கடமையிலிருந்து தப்ப இயலாது. இதனை நம் இளைஞர்கள் நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இந்துக்களுக்கு மற்றொரு சட்டமும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் தடைப்பட்டதை முன்னிட்டு 1951ஆம் ஆண்டு அமைச்சர் பதவியைத் துறந்தார். அத்தொகுப்பு பின்னர்ப் பகுதி பகுதியாகச் சட்டமாயிற்று. அவற்றுள் ஒன்றாகிய இந்துத் தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956 டிசம்பர் 21 அன்று வந்தது. அண்ணல் மறைந்து 15 நாள்களே ஆகியிருந்தன. அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பைத் தந்தை, தாய் இருவர் மீதும் சுமத்துகின்றது. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத மகளுக்கு, 18 வயதைக் கடந்தபின்னும் திருமணம் ஆகும்வரை அவ்வுரிமை தொடர்கின்றது. கல்லூரியில் பயிலும் பெண்கள் இதனை அறிந்திருத்தல் நலம். 144ஆம் பிரிவிலோ 18 வயது வரையிலும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அதற்கு அப்பாலும் உரிமை உண்டு.

இனி, மறைக்கப்படும் வருமானத்தைப் பற்றிப் பார்ப்போம். இதில் திருப்புமுனையான தீர்ப்பு, 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' என்னும் வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கியதாகும். நீதியரசர்கள் இந்து மல்கோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி ஆகியோர் அதனை வழங்கினர். நாகபுரிக் குடும்ப நீதிமன்றத்தில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வழக்கில், மனைவிக்கும் சிறுவயது மகனுக்கும் இடைக்காலத் தொகை வழங்கப்பட்டிருந்தது. அது உச்ச நீதிமன்றத்தில் முடிவுறுவதற்குள் ஏழு ஆண்டுகள் கடந்தன. மனைவி தம் தேவையைக் கூட்டியும், கணவர் தம் வருமானத்தைக் குறைத்தும் சொல்வது வழக்கமாகிவிட்டதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆகவே இரு தரப்பாரும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு ஆகிய அனைத்தையும் உறுதிமொழியுடன் கூடிய பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறி வகுத்தது. அதில் பொய் கூறுபவர்மீது பொய்ச் சான்று அளித்ததற்காக நடவடிக்கை எடுக்கலாம். எதிர்த்தரப்பாரிடம் எழுத்து வழியாகக் கேள்விகள் கேட்கவும், ஆவணங்களைக் கொணரச் செய்யவும் வழி உண்டு. தொகையை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிட்டு வழங்க வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறுகின்றது. தாய் வேலை பார்க்கின்றார் என்பதனால் தந்தையின் பொறுப்பு நீங்கிவிடாது என்பதும் அதில் தெளிவாக்கப்பட்டுள்ளது.

ஆயினும் நம்மவர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் அத்தீர்ப்பில் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கும் அன்றாடக் கூலித் தொழிலாளர்க்கும் இப்பிரமாணப் பத்திரத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஏழைகளைத் தாள்களால் வதைக்கக் கூடாது என்னும் நல்லெண்ணத்தில் எழுந்த விலக்கு அது. ஆனால் நல்ல வருமானம் உடைய ஒருவர், "நான் அன்றாடங்காய்ச்சி" என்று சொல்லி அந்த வாயிலின் வழியே நழுவ முயலக்கூடும். அப்போது அவர் உண்மையில் எத்தகையவர் என்பதை நடுவருக்குக் காட்டுவது தாயின் பொறுப்பாகிவிடுகின்றது. ஒருவருக்கே சிறப்பாகத் தெரிந்த செய்தியை மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும் என்று சான்றுச் சட்டம் சொல்வது மெய்தான். பழைய சட்டத்தில் 106ஆம் பிரிவாகவும், இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 109ஆம் பிரிவாகவும் அது உள்ளது. எனினும் அச்சுமை அவர் தோளுக்கு மாற வேண்டுமானால், முதலில் சில அடையாளங்களையேனும் நாம் எடுத்துவைக்க வேண்டும்.

அந்த அடையாளங்களை எங்கே தேடுவது? வருமானத்தை மறைக்கலாம், செலவை மறைப்பது அரிது. நீதிமன்றத்தில் ஏழையாக நிற்பவர், மற்ற இடங்களில் செல்வராக நின்றிருப்பார். தவணையில் இருசக்கர வண்டி வாங்கியபோது, கடன் கொடுத்த நிறுவனத்தாரிடம் மாத வருமானம் இவ்வளவு என்று தாமே எழுதிக் கையொப்பம் இட்டிருப்பார். நிலம் வாங்கியிருந்தால் சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று காட்டிக்கொடுக்கும். பட்டா, சிட்டா விவரங்களை எவரும் பார்க்கலாம். சீட்டுக் கட்டியிருந்தால் சீட்டுப் புத்தகம் இருக்கும். கைபேசி வழியாகப் பணம் அனுப்பியும் பெற்றும் இருந்தால் வங்கிக் கணக்கில் ஒவ்வொரு வரவும் நாளோடு பதிவாகியிருக்கும். அக்கணக்கை வரவழைக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக நம்மிடம் மொய் நோட்டு என்று ஒன்று இருக்கின்றது. உறவினர் இல்லத் திருமணத்திலும் காதணி விழாவிலும் ஐந்தாயிரமும் பத்தாயிரமும் மொய் எழுதியவர், பெற்ற பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரம் கொடுக்க வகையில்லை என்று சொன்னால், அந்த நோட்டுப் புத்தகம் அவருக்கு எதிராகப் பேசும் அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கும் பார்ப்போம். ஒரு கொத்தனாரின் நாட்கூலி 900 ரூபாய் என்று கொள்வோம். மழையும் விழாவும் போக மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தாலும் 18,000 ரூபாய் ஆகின்றது. அவருடன் வேலை பார்த்த ஒருவர், "ஆம், எங்கள் கூலி இதுதான்; இத்தனை நாள் வேலை இருந்தது" என்று சாட்சி சொன்னால் போதும்; காகிதம் இல்லாத வருமானத்திற்கு அதுவே காகிதமாகிவிடும். வேலை கொடுத்தவரையே சாட்சியாக அழைக்குமாறு வேண்டவும் இடமுண்டு. உடல் வலிமையுள்ள கணவர், தொழில் நொடித்தது என்று காரணம் காட்டி மனைவி மக்களைக் காக்கும் கடமையிலிருந்து விலக முடியாது. உடலுழைப்பினாலேனும் ஈட்டிக் காக்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிபடக் கூறியுள்ளது. ஆகவே, "எனக்கு நிலையான வேலை இல்லை" என்பது விடையாகாது.

தாய்மார்களுக்கும் சில சொற்கள். பிள்ளைக்காக ஆகும் செலவை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள். பேருந்துக் கட்டணம், மருந்துக் கடைச் சீட்டு, காலணி விலை என எதனையும் விட்டுவிட வேண்டா. பிறப்புச் சான்றும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர் உள்ள சான்றும் கைவசம் இருக்கட்டும். தேவையை மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள்; ஒரு பொய் அகப்பட்டால் ஒன்பது உண்மைகளும் மதிப்பிழக்கும். தந்தையின் கைபேசியைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கும் வேலையும் வேண்டா. கைபேசியில் உள்ள படத்தையோ செய்தியையோ சான்றாக வைப்பதற்குத் தனியே சான்றிதழ் வேண்டும். அதனை வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள். அனைத்திலும் முதன்மையானது, "அப்பா பையில் எவ்வளவு பணம் இருந்தது?" என்று பிள்ளையைக் கேட்டு ஒற்றனாக்காதீர்கள். ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அப்படிக் கேட்கப்படும் பிள்ளைக்குப் பாடத்தில் மனம் ஒன்றுவதில்லை.

தந்தையர் தரப்பு நியாயத்தையும் மறக்கலாகாது. விபத்தில் கால் முறிந்தவரும், நோயால் படுத்தவரும், உண்மையிலேயே வேலை கிடைக்காதவரும் நம்மிடையே உண்டு. அத்தகையோர் உள்ளதை உள்ளபடி நடுவரிடம் சொல்லட்டும். வசதிக்கேற்பவே தொகை விதிக்கப்படும். நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டி மீண்டும் மனுச் செய்யலாம். உண்மை சொல்லும் ஏழைத் தந்தையைச் சட்டம் நசுக்குவதில்லை.

எங்கே செல்வது என்னும் கேள்விக்கு விடை நம் அருகிலேயே உள்ளது. 1985ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விருதுநகர் தலைநகராயிற்று என்றாலும், மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே செயல்படுகின்றது. இராஜபாளையத்திலும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் உண்டு. தந்தை வெளியூர் சென்றுவிட்டாலும், தாய் இப்போது வாழும் இடத்திலேயே 144ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். திருப்பூருக்கோ கேரளத்திற்கோ அவரைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்குவோர் பலர். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு அவர்தம் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி வழங்குகின்றது. கிறித்தவராகிவிட்டதால் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காத குடும்பத்துப் பெண்ணும், பெண் என்னும் தகுதியாலேயே இவ்வுதவியைப் பெறலாம். 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழி காட்டுவர். இது எவரும் இடும் பிச்சையன்று; அரசியலமைப்பின் 39 அ பிரிவு அரசுக்கு இட்ட கடமை.

காலத்தைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. ஆதலின் இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திராமல் இடைக்கால மனுவையும் உடன் கொடுக்க வேண்டும். உத்தரவான தொகையைத் தராவிட்டால், பிடியாணை வழியாக வசூலிக்கவும், செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையிலிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நிலுவை சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வேறு நாடுகளில் என்ன செய்கின்றனர் என்று நோக்கினால் ஒன்று புலப்படுகின்றது. செருமனியில் 1980ஆம் ஆண்டு முதல், பிரிந்து வாழும் பெற்றோர் தொகை தராதபோது அரசே குழந்தைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பின்னர்த் தர வேண்டியவரிடம் வசூலித்துக்கொள்கின்றது. குழந்தையின் பசி வழக்கு முடியும்வரை காத்திராது என்பதை அந்நாடு உணர்ந்திருக்கின்றது. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. அது வரும்வரை அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் உற்றாரும் ஊராருமே.

இங்கே நம்மை நோக்கி நாமே சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஊர்க்கூட்டத்தில் கணவன் மனைவியைத் தீர்த்துவிடும்போது, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி எனக்கும் பிள்ளைக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை" என்று தாயிடம் எழுதி வாங்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கும் அதிகாரமில்லை, ஊர்க்கூட்டத்திற்கும் அதிகாரமில்லை. அத்தகைய பத்திரத்தில் சாட்சிக் கையொப்பம் இடும் பெரியோர், ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் உத்தரவில் கையொப்பம் இடுகின்றனர் என்று உணர வேண்டும்.

அடுத்தது சாட்சி. கூடவே வேலை பார்த்தவருக்குக் கூலி தெரியும். சீட்டுப் பிடித்தவருக்குத் தவணை தெரியும். மொய் எழுதியவருக்குத் தொகை தெரியும். ஆயினும், "உறவுக்காரனைக் காட்டிக் கொடுக்கலாமா?" என்று அனைவரும் வாய்மூடி இருக்கின்றனர். அக்குழந்தையும் உறவுதானே? நம் தந்தையரின் உழைப்புக்கு உரிய கூலியை மறைத்த நிலவுடைமையாளர்களை எதிர்த்து வளர்ந்தது நமது இயக்கம். பிறர் நமக்குத் தர வேண்டியதை மறைத்தபோது அநீதி என்றோம். நம்மவர் நம் பிள்ளைக்குத் தர வேண்டியதை மறைக்கும்போது அதற்கு வேறு பெயர் சூட்ட நமக்கு உரிமை இல்லை.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் நமது கழகம் மூன்று பணிகளை மேற்கொள்ள வேண்டுமென விழைகின்றோம். முதலாவது, பட்டம் பெற்ற நம் இளைஞருள் சிலர், சட்டப்பணிகள் ஆணைக்குழு பயிற்சி அளிக்கும் சட்டத் தன்னார்வலர்களாகச் சேர வேண்டும். இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழகக் கட்டடத்தில் தாய்மார்க்கு மனு எழுதவும் சான்றுகளைத் திரட்டவும் உதவும் அமர்வு நடைபெற வேண்டும். மூன்றாவது, குழந்தையின் பராமரிப்பைக் கைவிடும் எந்தப் பத்திரத்திலும் கழக உறுப்பினர் எவரும் சாட்சிக் கையொப்பம் இடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை, மனமே தேவை.

இளைஞர்களே, உங்களுள் பலர் நாளை தந்தையர் ஆவீர்கள். கணவன் மனைவிக்குள் பிணக்கு வரலாம், பிரிவும் வரலாம். பிள்ளையோடு பிரிவு என்பது சட்டத்திலும் இல்லை, அறத்திலும் இல்லை. நீங்கள் ஈட்டுவதில் பிள்ளைக்கு ஒரு பங்கு உண்டு என்பதை எவரும் கேட்குமுன்னர் கொடுத்துக் காட்டுங்கள். கேட்டும் கொடாதவரிடம் கேட்டுப் பெறும் வழியை, அறியாத தாய்மார்க்கு எடுத்துக் கூறுங்கள். படிப்பு நின்றுபோன ஒரு பிள்ளையேனும் இதனால் மீண்டும் வகுப்பில் வந்து அமருமாயின், இவ்விழா பொருளுடையதாகும்.